பஃபர் யார் கையில்? கருவிகளை இயக்கும் நிரலாளர்களின் கேள்விகள்

கேள்வி: பைத்தானில் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) உருவாக்கி, கேமராவின் சி லைப்ரரிக்குக் கொடுக்கிறேன். படங்கள் கொஞ்ச நேரம் ஒழுங்காக வருகின்றன, அப்புறம் புரோகிராமே கிராஷ் ஆகிறது. ஏன்?

பதில்: பஃபரை எங்கே உருவாக்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் என்றால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். சி லைப்ரரியிடம் இருப்பது வெறும் முகவரி. ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று பைத்தான் வைக்கும் ரெஃபரன்ஸ் கணக்கில் அது சேராது. ஃபங்ஷன் முடிந்ததும் பஃபரைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை, பைத்தான் அதை விடுவித்துவிடும். கேமராவை இயக்கும் டிரைவரோ பின்னணியில் அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நினைவகம் வேறொன்றுக்குப் போகும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், அதனால்தான் கிராஷ் தாமதமாக வருகிறது.

கேமராவைக் கையாளும் கிளாஸிலேயே பஃபரை ஒரு உறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் மாட்யூல்) வழியாகக் கொடுக்கும் கால்பேக்குக்கும் (சி லைப்ரரி திரும்ப அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) இதே விதிதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மூடும்போது முதலில் கேமராவை நிறுத்துங்கள், டிரைவர் எழுதி முடித்ததை உறுதி செய்யுங்கள், பிறகே பஃபரை விடுங்கள். இந்த வரிசையை மட்டும் எக்காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

கேள்வி: சி ஷார்ப்பில் பைட் அர்ரேயை அப்படியே அனுப்பினால் போதாதா?

பதில்: அழைப்பு திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடும் என்றால் போதும், அதுவரை அர்ரே நகராது. டிரைவர் முகவரியை வைத்துக்கொண்டு பிறகு எழுதுமானால் போதாது. பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அர்ரேயை வேறு இடத்துக்கு நகர்த்தலாம். அர்ரேயை நகரவிடாமல் பிடித்துவைக்க ஜிசிஹேண்டிலைப் 'பின்டு' வகையில் எடுத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் விடுவியுங்கள்.

கேள்வி: 32 பிட்டில் ஓடிய பைத்தான் நிரல், 64 பிட்டில் கருவியைத் திறந்ததுமே விழுகிறது.

பதில்: 'ரெஸ்டைப்' (ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகை) குறிப்பிடவில்லை என்றால், சி ஃபங்ஷன் திருப்பித் தருவது 32 பிட் முழு எண்ணான இன்ட் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் பாயிண்டரில் (நினைவக முகவரியில்) பாதி வெட்டுப்பட்டுவிடும். 'ஆர்க்டைப்ஸ்' (ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகளின் வகைகள்), 'ரெஸ்டைப்' இரண்டையும் எல்லா ஃபங்ஷனுக்கும் எழுதிவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாதது.

கேள்வி: சென்சார் 512 பைட் அனுப்புகிறது. எனக்குச் சில சமயம் 9, சில சமயம் 40 பைட்தான் கிடைக்கிறது.

பதில்: ஸ்ட்ரிங் பஃபரை '.வேல்யூ' மூலம் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அது முதல் பூஜ்ய பைட்டிலேயே நின்றுவிடும். பஃபரை முழுவதும் தரும் '.ரா' பயன்படுத்துங்கள், எத்தனை பைட் வந்தது என்று டிரைவர் சொல்லும் எண்ணிக்கை வரை மட்டும் வெட்டி எடுங்கள்.