கையில் எம்ஆர்ஐ இருக்க, இன்னொரு ஸ்கேன் எதற்கு?

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். போன மாதமே எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. இப்போது கதிர்வீச்சுக்கு முன் சிடி ஸ்கேன், நடுவில் மறுபடியும் எம்ஆர்ஐ என்கிறார்கள்; பணம் பறிக்கிறார்களா என்று கேட்கிறார் ஒரு மகள்.

இல்லை, இரண்டும் தேவை. முதல் எம்ஆர்ஐ நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டியது. இந்த சிடி, அம்மா தினமும் படுக்கப்போகும் அதே நிலையில் எடுப்பது. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் சேரும் என்று கணினி கணக்கிடுவது இதை வைத்துத்தான். சிறுநீர்ப்பை நிறைவதையும் வடிவதையும் பொறுத்துக் கருப்பை இடம் மாறும். அதனால் சிடிக்கு முன் எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குக் குடித்தார் என்று எழுதி வையுங்கள். சிகிச்சை நாட்களிலும் அதே கணக்கு. தினமும் அதே நிலையில் படுக்கவைக்க இடுப்பில் வைக்கும் அடையாளப் புள்ளிகளைத் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

வெளிக்கதிர் பெரும்பாலும் 25 அமர்வுகள், ஐந்து வாரம். அதற்குள் கட்டி பெரும்பாலும் சுருங்கிவிடும். பிறகு உள்கதிர்: கருப்பைக்குள் கருவியைப் பொருத்திப் பக்கத்திலிருந்தே கதிர் கொடுப்பது. மிஞ்சிய கட்டி எங்கே, மலக்குடல் எவ்வளவு அருகில் என்பது பழைய படத்தில் தெரியாது; அதனால்தான் கருவியைப் பொருத்தியபின் மறுபடி எம்ஆர்ஐ. கருவியோடு எம்ஆர்ஐ எடுக்க வசதியில்லாத இடங்கள் உண்டு. அங்கே உள்கதிருக்குச் சற்று முன் எம்ஆர்ஐ எடுத்து, கருவி பொருத்தியபின் சிடி எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதுவும் ஏற்கத்தக்க முறைதான். அதற்காக மருத்துவமனை மாறி நாளைக் கடத்தாதீர்கள். முழுச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

"புதிய இயந்திரம் வந்துவிட்டது, உள்கதிரே வேண்டாம்" என்று யாராவது இழுத்தால் நம்பாதீர்கள். இந்த நோயில் உள்கதிரை விட்டால் குணமாகும் வாய்ப்பு குறையும்.

உங்கள் சந்தேகத்துக்குரிய இடம் வேறு. மருத்துவமனை வாசலில் நின்று, "உடம்பு முழுக்க ஸ்கேன், நானே கூட்டிப்போகிறேன்" என்பவருக்கு ஸ்கேன் மையத்திலிருந்து கமிஷன் போகிறது. மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டில் இல்லாத எதற்கும் படுக்காதீர்கள். பிலிம் மட்டும் தந்தால் வாங்காதீர்கள். திட்டமிடும் கணினிக்கு அது உதவாது. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுவான கணினிக் கோப்பு) வடிவில் குறுந்தகடு கேளுங்கள். ஓரிடத்துப் படம் இன்னோரிடத்தில் திறக்கவில்லை என்பதற்காகவே நோயாளியை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். இதை இன்னும் சகித்துக்கொண்டிருப்பது எங்கள் துறைக்கே வெட்கம். படம் திறக்கவில்லை என்று சொன்னால், "முதலில் எடுத்த மையத்திலிருந்தே வேறு பிரதி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே போய் வாங்கி வாருங்கள்.