சாட் ஏரி வற்றியதால் வந்த போரா?

ஐயா,

சூடான், காசா, உக்ரைன், அமேசான் என்று காலையில் செய்தியைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரி 90 சதவீதம் வற்றியதால்தான் நைஜீரியாவில் போகோ ஹராம் என்ற தீவிரவாத இயக்கம் உருவானது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செயற்கைக்கோள் படங்களை இணைத்திருக்கிறேன். அடுத்த உலகப்போர் தண்ணீருக்காகத்தானா? ஐ.நா.வால் இனி பயன் உண்டா? என் மகள் சுற்றுச்சூழல் படிக்க ஆசைப்படுகிறாள். இப்படிப்பட்ட உலகில் அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

எங்கோ இருக்கும் மக்களின் கஷ்டம் உங்கள் நிம்மதியைக் கெடுக்கிறதே, அந்த மனசு பெரிது. ஐ.நா.வைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன், விட்டுவிடுவோம். உலகப்போர் வருமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சாட் ஏரியை விடமாட்டேன். சில மாதங்களாக அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் கோபம் வருகிறது.

அந்தப் படங்களை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். முதல் படம் 1963-ல் எடுத்தது. ஏரி அந்த நூற்றாண்டிலேயே நிரம்பித் ததும்பிய காலம் அது, சுமார் 25,000 சதுர கிலோமீட்டர். அப்புறம் 70களிலும் 80களிலும் கொடும் வறட்சி. ஏரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது நிஜம். அதற்குப் பிறகு நடந்ததைக் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை. 90களிலிருந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஷாரி ஆற்றில் மீண்டும் தண்ணீர் வந்து, ஏரி ஓரளவு தேறி நின்றுவிட்டது. போகோ ஹராம் ஆயுதம் தூக்கியது 2009-ல். வற்றியபோது வராத போர், தேறிய பிறகு ஏன் வந்தது? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

பள்ளியில் எங்கள் பூகோள வாத்தியார் ஆப்பிரிக்காவை வரையச் சொன்னபோது, அட்லஸில் சாட் ஏரியின் கரை மட்டும் புள்ளிக்கோடாக இருந்தது. ஏன் சார் என்று கேட்டேன். "அதுக்குக் கரை ஒரே இடத்துல நிக்காதுடா" என்றார். அங்குள்ளவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தண்ணீர் ஏறினால் மீன் பிடிப்பார்கள். இறங்கினால் ஈரம் காயாத மண்ணில் சோளம் விதைப்பார்கள். குரி என்றொரு மாட்டினம், பலூன் மாதிரி உப்பிய கொம்போடு தீவுக்குத் தீவு நீந்திப் போகும். அங்கே வாழும் கானெம்பு இனப் பெண்கள் கரையோரக் குட்டைகளில் பச்சைப் பாசியை வழித்து, மணலில் ஊற்றிக் காயவைத்து, துண்டு போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் ஸ்பைருலினா என்று மாத்திரையாக விற்பது அதே வகைப் பாசிதான். ஏரி ஏறி இறங்குவதோடு சேர்ந்து வாழத் தெரிந்த ஜனங்கள் அவர்கள்.

அவர்களை உடைத்தது யார்? நைஜீரியாவின் மைதுகுரி நகரில், போகோ ஹராமைத் தொடங்கிய முகமது யூசுஃப் என்ற போதகர் பின்னால் வேலையில்லாத இளைஞர்கள் திரண்டார்கள். 2009-ல் ஒரு சவ ஊர்வலத்தில், மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடாமல் வந்த தகராறில் அவருடைய ஆட்களைப் போலீஸ் சுட்டது. அடுத்த மாதம் கலவரம், நூற்றுக்கணக்கான சாவு. உயிரோடு பிடிபட்ட யூசுஃப் போலீஸ் காவலிலேயே கொல்லப்பட்டார். நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமலே. அந்த இயக்கம் செய்த கொலைகளுக்கும், 2014-ல் சிபோக்கில் 276 மாணவிகளைக் கடத்தியதற்கும் எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அது வளர்ந்த வழியில் லஞ்சம், கைவிடப்பட்ட பள்ளிக்கூடம், போலீஸ் துப்பாக்கி எல்லாம் இருக்கின்றன. ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் குற்றவாளி ஆக்கினால் இவை அத்தனையும் தப்பித்துவிடும்.

2015-ல் பக்கத்து நாடான நைஜரின் அரசு, போகோ ஹராம் தாக்குதலுக்குப் பிறகு, சில நாள் கெடு கொடுத்து ஏரித் தீவுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது. அந்த நாட்டின் டிஃபா பகுதியில் மீன் வியாபாரத்துக்குத் தடை, மிளகாய் வியாபாரத்துக்குத் தடை, மோட்டார் சைக்கிளுக்கும் தடை. தீவிரவாதிகளுக்குப் பணம் போகக்கூடாது என்பது காரணம். சரி, அந்த மிளகாயை நம்பிப் பள்ளிக்கூடம் போன பிள்ளை என்ன செய்யும்? ஏரியில் மீன் இருந்தது, மண்ணில் ஈரம் இருந்தது, ஜனங்கள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். இதற்கும் வானத்தைக் காட்டுவீர்களா?

பூமி சூடாகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை மறுக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எழுதும்போது எதை விட்டுவிடுகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். வற்றிப்போனதாக நீங்கள் நினைக்கும் அதே பிரதேசத்தில், 2024 செப்டம்பரில் கனமழைக்கு அலாவ் அணை உடைந்து மைதுகுரி மூழ்கியது. போருக்குத் தப்பி அங்கே முகாம்களில் கிடந்தவர்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். மழை அதிகம் பெய்தது, சந்தேகமில்லை. 80களில் கட்டிய அணையைப் பராமரிப்பது யார் பொறுப்பு?

உங்கள் மகள் தாராளமாகச் சுற்றுச்சூழல் படிக்கட்டும், தடுக்காதீர்கள். கூடவே கொஞ்சம் வரலாறும் படிக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் எனக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும், இந்த ஏரியைப் பற்றி நான் சேர்த்துவைத்திருக்கும் கட்டுரைகளை அவளுக்கு அனுப்புகிறேன்.