அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த 2008 சூப்பர் செவ்வாயில் கலிஃபோர்னியா, நியூயார்க் இரண்டையும் வென்றும் ஹிலாரியால் ஏன் ஒபாமாவுடனான போட்டியை முடிக்க முடியவில்லை?

மாநிலத்தை வெல்வது தலைப்புச் செய்திக்குத்தான். கணக்கில் வருவது பிரதிநிதிகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்வு செய்ய வாக்களிப்பவர்கள். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கை எட்டிய எல்லோருக்கும் விகிதப்படி பங்கு உண்டு, பெரும்பகுதி தொகுதிவாரியாக. 4 பிரதிநிதிகள் உள்ள தொகுதியில், இருமுனைப் போட்டியில் 60 சதவீதம் வாங்கினாலும் 2-2 தான். 3-1 ஆக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். முன்னணியில் இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பிப்ரவரி 5 அன்று நியூஜெர்சியில் ஹிலாரிக்கு 59 பிரதிநிதிகள், ஒபாமாவுக்கு 48, ஹிலாரிக்கு 11 கூடுதல். ஹிலாரி தரப்பு பெரிதாகக் கண்டுகொள்ளாத குட்டி மாநிலம் ஐடஹோவின் காக்கஸில் (கட்சி ஆதரவாளர்கள் கூட்டம் கூடித் தேர்வு செய்யும் முறை) ஒபாமா 15-3, அதாவது 12 கூடுதல்! காக்கஸ் மாநிலங்களில் அவர் முன்கூட்டியே ஆள் போட்டு வேலை பார்த்திருந்தார்.

குடியரசுக் கட்சியில் கதை வேறு. பல மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே மொத்தமும். மெக்கெய்ன் அள்ளிக்கொண்டு போக, அவருடைய போட்டியாளர் ராம்னி இரண்டே நாளில் விலகினார்.