மரத்துப்போன வாயின் ஸ்தோத்திரம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

தங்கள் தினதியானங்களை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். 'துதியின் ஜீவியம்' என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு அழுதேன், ஆறுதலினால் அல்ல.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்தவை எழவில்லை. பேச்சும் திரும்பவில்லை, ஒன்றிரண்டு சொல் வரும். பழைய கீர்த்தனை எங்காவது கேட்டால் மட்டும் உதடு அசைகிறது. நான் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன். முன்பெல்லாம் மனம் நிறைந்து சொல்லி முடிப்பேன். இப்போது இருநூறைத் தாண்டுவதற்குள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். திரும்பி வந்தால் எந்த எண்ணில் விட்டேன் என்பது தெரிவதில்லை. வாய் சொல்லிக்கொண்டே போகிறது, உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "யோசபாத் துதித்தான், சத்துரு விழுந்தான், உன் துதி குறைந்ததால்தான் அவருக்குச் சுகம் தாமதிக்கிறது" என்றார். எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்க வேண்டும் என்று வேதம் சொல்லுகிறதே ஐயா, இவர் இப்படிக் கிடப்பதற்காக நான் எப்படி ஸ்தோத்திரம் சொல்லுவேன்? உணர்வில்லாமல் சொல்லுகிற நான் மாய்மாலக்காரியா?

வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி கொடுக்க ஒரு தம்பி வருகிறார். இரண்டு பேருந்து மாறி, சாப்பிடாமல் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து நான்கு இட்லி கூடுதலாக ஊற்றி அவருக்குக் கொடுக்கிறேன். அந்தக் கால்மணி நேரம் மட்டும் மனம் லேசாக இருக்கிறது. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இது ஆராதனையில் சேராது.

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்திற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பெயரையும் ஊரையும் நீக்கி வெளியிட அனுமதித்தீர்கள், அதற்கு நன்றி. இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன். என் கட்டுரை உங்களை அழவைத்தது என்றால், துதியைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதியை அதில் விட்டுவிட்டேன் என்று பொருள். அதை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் அந்த மூத்த சகோதரி சொன்ன வார்த்தை. அது உங்கள்மேல் ஏற்றப்பட்ட பாரம். அதை இறக்காமல் வேறு எதைப் பேசினாலும் உங்கள் காதில் விழாது. அவர் காட்டிய, எதிரிப் படை திரண்டு வந்தபோது யூதாவின் ராஜாவாயிருந்த யோசபாத்தின் வரலாறு 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாடகர்கள் படைக்கு முன்னே நடந்துபோனது 21ஆம் வசனம். அதற்கு முன்பே, 12ஆம் வசனத்தில், மனைவிமாரும் குழந்தைகளும் கூடி நிற்கிற சபைக்கு நடுவே ராஜாவானவன், "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது" என்று அறிக்கையிடுகிறான். எங்களுக்குப் பெலனில்லை என்றும் அதே மூச்சில் சொல்லுகிறான். அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிற பலர் இந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம். துதியினால் தேவனை அசைத்துக் காரியத்தை வாங்கிக்கொள்ளும் வழி அங்கே இல்லை. தெரியவில்லை என்று சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பாட்டு வருகிறது.

யோபுவின் சிநேகிதரும் இந்த மூத்த சகோதரியைப் போலத்தான் பேசினார்கள். உன்னிடத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்பதே அவர்கள் மூவரும் மாறி மாறிச் சொன்னது. யோபுவோ தன் பிறந்த நாளைச் சபித்தான், தேவனோடு வழக்காடினான். கடைசியில், 42ஆம் அதிகாரத்தில், கர்த்தர் அந்த மூவரில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். தேவனுக்காகப் பரிந்து பேசியவர்கள்மேல் கோபம் மூளுகிறது. அவரோடு வழக்காடியவனுக்கு நற்சாட்சி கிடைக்கிறது. ஆகவே உங்கள் கணவரின் சுகம் உங்கள் எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இதைத் தயங்காமல் சொல்லுகிறேன்.

அடுத்து, 'எல்லாவற்றிற்காகவும்' என்ற சொல். 1 தெசலோனிக்கேயர் 5:18 'எல்லாவற்றிலேயும்' என்கிறது, எந்த நிலைமையிலும் என்ற பொருளில். எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' என்றே சொல்லுகிறது. அதை மழுப்பிவிட்டு முதல் வசனத்தை மட்டும் உங்களுக்குக் கொடுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சொல்லை எப்படி வாழ்வது என்பதற்கு நான் பார்க்கும் இடம் லாசருவின் கல்லறை. யோவான் 11ஆம் அதிகாரம், 35ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். 41ஆம் வசனத்தில் கல்லறையருகே நின்று, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். லாசரு செத்ததற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கல்லறையின் முன்னால் நின்றுகொண்டு, பிதா தமக்குச் செவிகொடுக்கிறார் என்பதற்காகச் சொன்னார். உங்கள் கணவர் கிடக்கிற கிடைக்காக நீங்கள் நன்றி சொல்லவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்தக் கட்டிலின் அருகில் நீங்கள் முணுமுணுப்பதற்கும் செவிகொடுக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதற்காகச் சொல்லலாம். சொல்ல வராத நாளில், வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லலாம்.

இனி நீங்கள் மாய்மாலக்காரியா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வேதாகமத்தில் 'ஸ்தோத்திரம்' என்றும் 'துதி' என்றும் நாம் வாசிக்கிற பல இடங்களில் எபிரெயத்தில் உள்ள சொல் 'தோதா'. அந்தச் சொல்லுக்கு நன்றி என்றும் பொருள், துதி என்றும் பொருள். யோசுவா 7:19இல், கொள்ளைப்பொருளைத் திருடி மறைத்த ஆகானிடம் யோசுவா பேசும்போது இதே சொல்தான் வருகிறது. அங்கே நம்முடைய மொழிபெயர்ப்பு அதை 'அறிக்கை' என்று போட்டிருக்கிறது. உள்ளதை உள்ளபடி தேவனுக்கு முன்பாகச் சொல்லுவதும், அவரைத் துதிப்பதும் அந்த மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. சங்கீத புஸ்தகத்துக்கு எபிரெயர் வைத்த பெயர் 'தெஹில்லீம்', அதாவது துதிகள். ஆனால் அந்த 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பலும் முறையீடும்தான். 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை வெளிச்சத்திற்கு வருவதே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்பதே. அதைத் தொகுத்தவர்கள் அந்த இருளைத் துதிகளின் புத்தகத்திலிருந்து எடுத்துப்போடவில்லை, மகிழ்ச்சியான ஒரு வரியைச் சேர்த்து ஒட்டவைக்கவும் இல்லை. "வாய் சொல்லுகிறது, உள்ளே ஒன்றுமில்லை" என்று நீங்கள் எனக்கு எழுதிய வாக்கியத்தை அப்படியே கர்த்தரிடம் சொல்லுங்கள். மாய்மாலக்காரருக்கு இந்த வாக்கியம் வராது.

ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை நான் குறைசொல்லவில்லை. தனக்கென்று சொல் எதுவும் எழாத நாளில் கைக்குக் கொஞ்சம் சொல்லைக் கொடுக்கிற புத்தகம் அது. திரும்பத் திரும்பச் சொல்லுவதும் தவறில்லை. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்பது 26 தரம் வருகிறது. எண்ணிக்கை ஒரு கடனாக மாறி, தீர்க்காத மீதிக்காக நாளெல்லாம் குற்ற உணர்ச்சியோடு திரிவதுதான் வேண்டாம் என்கிறேன். இருநூறாவது ஸ்தோத்திரத்தில் எழுந்துபோய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தீர்கள் என்றால், ஆராதனை அங்கே தடைப்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதையே ரோமர் 12:1 'புத்தியுள்ள ஆராதனை' என்கிறது. அந்த வேலையைச் செய்வது உங்கள் இடுப்பும் தோளும்தானே?

இப்போது நான் விரும்பிப் பேசவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். தோதா என்பது ஒரு பலியின் பெயரும்கூட. லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திரபலியின் பிரமாணம் இருக்கிறது. அநேகர் வாசிக்காமல் புரட்டிவிடுகிற பக்கம். ஆட்டையோ மாட்டையோ செலுத்துகிறவன் அதோடுகூட எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத அதிரசங்கள், அடைகள், இவற்றோடு புளித்த மாவினால் செய்தவற்றையும் கொண்டுவரவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு ஆசாரியனுக்கு. மீதியெல்லாம் கொண்டுவந்தவனுக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: மாம்சம் அன்றைத்தினமே புசிக்கப்படவேண்டும், விடியுமட்டும் எதையும் மீதிவைக்கக்கூடாது. நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் பொருத்தனைபலிக்கு மறுநாள்வரை அவகாசம் உண்டு, ஸ்தோத்திரபலிக்கு இல்லை. காரணம் எழுதப்படவில்லை. ஆனாலும் ஒரு ஆட்டின் மாம்சத்தையும் அத்தனை அப்பங்களையும் ஒரே நாளில் ஒரு வீட்டார் தின்று தீர்க்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் போகிறவரைக்கூட கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் தீரும். நன்றி சொல்ல வந்தவன் பந்தி வைத்தே ஆகவேண்டும்.

22ஆம் சங்கீதத்தை இந்தப் பிரமாணத்தோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் அதன் போக்கு விளங்குகிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குவது அது. சிலுவையில் நம் ஆண்டவர் எடுத்துக்கொண்ட வரி. அதே சங்கீதம் 25, 26ஆம் வசனங்களுக்கு வரும்போது மகா சபையில் துதி எழும்புகிறது, உடனே "சிறுமைப்பட்டவர்கள் புசித்துத் திருப்தியடைவார்கள்" என்று வருகிறது. கைவிட்டீரே என்ற கூக்குரல் ஏழைகள் சாப்பிடுகிற பந்தியில் போய்ச் சேருகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபமும் இதை மறக்கவில்லை. 13:15இல் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைச் சொல்லிவிட்டு, 16ஆம் வசனத்தில், நன்மைசெய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்கிறது. முதல் வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வசனத்தை எங்கும் பார்த்த நினைவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எனக்கு இது புதிதாகப் படிக்கவேண்டிய காரியமாக இருந்திருக்கக்கூடாது. எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று வைத்து, பெரிய அண்டாக்களில் சோறு பொங்கி, சபை முழுவதும் ஒரே பந்தியில் சாப்பிடும். (அந்தப் பந்தியைக் கெடுத்த பாவமும் தமிழ்ச் சபைகளுக்கு உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, அதை ஏற்காமல் சபையைவிட்டே போனவர்கள் தஞ்சாவூரில் பலர். அவர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடியவர்கள்தான்.) அசனத்தைவிட எனக்கு நெருக்கமானது கைப்பிடி அரிசி. எங்கள் பாட்டி உழக்கால் அளந்த அரிசியைச் சுளகில் கொட்டி, கல் பொறுக்கி, உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள். போடும்போது "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரே ஒரு தரம் சொல்லுவாள். மாதக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்குப் போகும்.

தாத்தா இறந்தபோது மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் பாட்டி அடுப்பு மூட்டினாள். வழக்கம்போல அளந்தாள், புடைத்தாள், கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டாள். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டு, "இப்படிப் பண்ணிட்டீரே ஆண்டவரே" என்றாள். பிறகு மூடியை அழுத்தி மூடிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று அவள் துதிக்க மறந்துவிட்டாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, இட்லி ஆராதனையில் சேராது என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். பசியோடு இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்கு நான்கு இட்லியை அன்றைக்கே, சூடாக, மீதிவைக்காமல் கொடுக்கிறீர்களே, அது லேவியராகமத்தின் ஏழாம் அதிகாரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மனம் லேசாகிற அந்தக் கால்மணி நேரத்தைக் குறித்துச் சந்தேகப்படாதீர்கள்.

இன்னொன்று. பக்கவாதத்தினால் பேச்சை இழந்தவர்களில் சிலருக்கு, பழகிய பாட்டும் மனப்பாடமான ஜெபமும் நாவில் தங்கியிருப்பதுண்டு. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கீர்த்தனை கேட்டால் உதடு அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலையில் புத்தகத்தோடு தனியே உட்காருவதற்குப் பதிலாக, ஒரு வாரம் மட்டும் அவர் கட்டிலருகில் உட்கார்ந்து 136ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். வசனத்தின் முன்பாதியை நீங்கள் சொல்லிவிட்டு, 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி கூறும் அமைப்பில் உள்ள சங்கீதம் அது. அவர் வாயிலிருந்து ஏதாவது ஒரு சொல் வருகிறதா பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். வருகிற ஞாயிறு எங்கள் சபையின் விண்ணப்ப ஜெபத்தில் உங்கள் இருவரையும் நினைவுகூருவோம்.

அன்புடன்