பிரிட்டிஷ் அரசி விக்டோரியா காலத்துச் சவரன் தங்க நாணயத்தில் அவருக்கு எத்தனை முகங்கள், எப்படி அடையாளம் காண்பது?

மூன்று. எல்லாமே இடப்பக்கம் பார்ப்பவை, அதனால் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிரீடமில்லாமல், கூந்தலை நாடாவால் கட்டிய இளம் முகம் 1838 முதல் 1887 வரை; வில்லியம் வையன் செதுக்கியது. 1887 ஆட்சிப் பொன்விழாவுக்கு ஜோசப் எட்கர் போயம் செய்ததில் முக்காட்டின் மேல் குட்டிக் கிரீடம். எப்போது விழுமோ என்று தோன்றும், அன்றே கேலிக்குள்ளானது. 1893 முதல் 1901 வரை தாமஸ் ப்ரோக் வடித்த முதிய முகம், முக்காடும் துக்கச் சாயலுமாக.

இளம் முக நாணயத்தின் பின்புறம் கேடயமும் இருக்கலாம், குதிரைமேல் புனித ஜார்ஜும் இருக்கலாம். செதுக்குநர் பிஸ்ட்ரூச்சியின் அந்த 1817 ஜார்ஜ் வடிவம் 1871இல்தான் திரும்பி வந்தது. மற்ற இரண்டு முகங்களுக்கும் ஜார்ஜ் மட்டுமே.

எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும் எழுத்தை, ஜார்ஜ் பக்கத்தில் ஆண்டுக்கு மேலே, தரைக்கோட்டில் லென்ஸ் வைத்துத் தேடுங்கள்: 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். இளம் முக நாணயத்தின் பின்புறம் ஜார்ஜ் இருந்தால் மட்டும் எழுத்து முகத்தின் கழுத்தடியில். லண்டனுக்கு எழுத்தில்லை.

முழு எடை 7.988 கிராம், 22 காரட், விட்டம் 22.05 மி.மீ. (நம் கடைச் சவரன் 8 கிராம், பெயர் இதிலிருந்து வந்தது.) 7.93க்குக் கீழே போனால் தேய்மானம், அல்லது விளிம்பை அராவியிருப்பார்கள். வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருந்தால் சேகரிப்போர் விலை கிடைக்காது. பாலிஷ் போட்டாலும் அதே கதிதான்.