கியூ டிப் சந்தேகங்கள்: தேர்வு, ஒட்டுதல், பராமரிப்பு

கேள்வி: 13 மி.மீ. பூல் கியூவுக்கு முதன்முறையாக டிப் (பந்தைத் தொடும் முனையில் ஒட்டும் தோல் வில்லை) மாற்றப் போகிறேன். சாஃப்ட் போட்டால் ஸ்பின் அதிகம் கிடைக்கும் என்று கிளப்பில் சொல்கிறார்கள். சாஃப்ட், மீடியம், ஹார்ட் மூன்றில் எதை வாங்கலாம்?

மீடியம் வாங்குங்கள். வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறீர்கள் என்பதுதான் ஸ்பின்னைத் தீர்மானிக்கிறது. டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாஃப்ட் டிப்பில் அது கொஞ்சம் நீளும். அதனால் மட்டும் ஸ்பின் கூடிவிடாது. சாஃப்ட்டின் உண்மையான நன்மை, சாக்கை (வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் பொடிக்கட்டி) நன்றாகப் பிடித்துக்கொள்வது. பதிலுக்கு அது சீக்கிரம் தட்டையாகும், ஓரம் பிதுங்கும், ஆட ஆட இறுகித் தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும். ஹார்ட் டிப் வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன் ஒழுங்காகச் சாக் போடுபவருக்கே அது சரிப்படும்.

பெட்டியில் எழுதியிருப்பதை முழுதாக நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹார்டாக இருக்கும். எல்க் மாஸ்டர், லெ ப்ரொஃபஷனல் போன்ற ஒற்றைத் தோல் டிப்புகளில் ஒரே பெட்டிக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசை மேல் ஓர் அடி உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பது இறுகியது, மந்தமாக விழுவது மெத்தென்றது. கமுயி, மூரி போன்ற அடுக்கு டிப்புகள் மெல்லிய பன்றித்தோல்களை ஒட்டிச் செய்தவை. ஒன்றுக்கொன்று அதிகம் மாறாது, விலைதான் பல மடங்கு. ஒட்டிப் பழகும்வரை ஒற்றைத் தோல் டிப்பே போதும். கெட்டால் பத்தோடு ஒன்று போகட்டும்.

கேள்வி: புது டிப் ஒட்டி இரண்டு நாளில் கழன்று விழுகிறது. மூன்று முறை ஆகிவிட்டது. பசையை மாற்ற வேண்டுமா?

பசையைவிட முதலில் பார்க்க வேண்டியது பரப்பு. ஃபெரூலின் (கியூ முனையில் டிப் உட்காரும் பூண்) மேல்முகமும் டிப்பின் அடிப்பக்கமும் இரண்டுமே தட்டையாக இல்லாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. ஃபெரூல் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவிலோ ஓரத்திலோ ஒளி கசிந்தால் அங்கே பசை தனியாக நிற்கிறது என்று அர்த்தம். கையில் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுதான் வழக்கமான தவறு. விரல் அழுத்தம் ஓரத்தில் கூடி, முகம் குவிந்துவிடும். புது பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, முகத்துக்குக் குறுக்கே மெல்லச் சுரண்டி எடுங்கள். பழைய பசையின் பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது. அதைக் கரைக்க அசிட்டோன் ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் ஃபெரூலையும் கியூவின் பாலிஷையும் சேர்த்தே கரைக்கும்.

டிப்பின் அடியைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்த 150-ஆம் எண் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை டிப்பைக் கால்வட்டம் திருப்புங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் சாயும். முழுப் பரப்பும் ஒரே நிறமாக, சொரசொரப்பாக வந்ததும் தூசியைத் துடைத்துவிடுங்கள்.

பசைக்கு ஃபெவிக்விக் போன்ற தண்ணீர்ப் பதச் சூப்பர் குளூ வேண்டாம். அது தோலுக்குள் ஊறி ஏறி அடிப்பகுதியைக் கெட்டியாக்கும், இடைவெளியை நிரப்பாது. ஜெல் பதம் வாங்குங்கள். தீக்குச்சித் தலை அளவு ஒரு சொட்டை ஃபெரூலின் நடுவில் வைத்து, டிப்பை மையம் பார்த்து அமர்த்தி, கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி ஒரு நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். ஓரமெங்கும் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

டிப் ஃபெரூலைவிட அரை முதல் ஒரு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும்: 13 மி.மீ. ஃபெரூலுக்கு 14 மி.மீ. டிப். மறுநாள் ஃபெரூலைச் சுற்றி மாஸ்க்கிங் டேப் ஒட்டி, கியூவைத் தலைகீழாகப் பிடித்து, ஃபெரூல் பக்கமிருந்து பலகை நோக்கி மெல்லிய சீவல்களாக வெட்டுங்கள். ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் பிளேடு உள்ளே பாய்ந்து டிப் குறுகிவிடும். கடைசியாக 400, பிறகு 600-ஆம் எண் தாள். டிப்பின் பக்கச் சுவரை ஈர விரலால் தொட்டு, ஒரு தோல் துண்டால் சூடு ஏறும்வரை வேகமாகத் தேய்த்தால் பளபளப்பாக இறுகும்.

கேள்வி: எல்க் மாஸ்டர் டிப்பைப் பாலில் ஊறவைத்து அழுத்தினால் விலையுயர்ந்த டிப் மாதிரி ஆகும் என்கிறார்களே, உண்மையா?

பலன் உண்டு. அதில் பெரும்பங்கு வேலை அழுத்தத்துடையது. ஊறிய தோலின் நார்கள் இளகும், வைஸில் (பட்டறையில் திருகி இறுக்கும் பிடிகருவி) அழுத்தும்போது நெருங்கிப் படியும், காய்ந்ததும் அப்படியே நிற்கும். சாஃப்ட் டிப் மீடியத்துக்கும் ஹார்டுக்கும் நடுவே வந்துவிடும், ஓரம் பிதுங்குவது வெகுவாகக் குறையும். பாலின் கேசீன் புரதமும் நார்களுக்கிடையே காய்ந்து தங்கும்.

டிப்புகளைப் பச்சைப் பாலில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். பால் நீலமாகும், அது டிப்பின் சாயம், பயப்பட வேண்டாம். எடுத்துத் துடைத்து, இரண்டு தட்டையான உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து வைஸில் முறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் டிப் ஒரு பக்கமாக வழுக்கிச் சாய்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் திருப்பு போதும். முதலில் இருந்த கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். விட்டம் பெருக்கும், அது நமக்கு நல்லதே.

அடுத்தது காயவைப்பது. இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. அரைகுறையாகக் காய்ந்த டிப்பில் சூப்பர் குளூ ஈரம் பட்டு அவசரமாக இறுகி நொறுங்கும். பிறகு தோல் சுருங்கும்போது ஒட்டு விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். காலிப்பரில் கனத்தை அளந்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால் காய்ந்தது என்று கொள்ளலாம். அவசரப்பட்டு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டாதீர்கள், பாலைக் காய்ச்சவும் வேண்டாம்; ஈரத்தோல் சூட்டில் சுருண்டு விறைக்கும். அடுக்கு டிப்பை எக்காரணத்தாலும் ஊறவைக்காதீர்கள். அடுக்குகள் பிரிந்துவிடும்.

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை. வெட்டி மிஞ்சும் தோலில் டிப் செய்யலாமா?

காலணியின் மேற்பகுதிக்கான அந்தத் தோல் பெரும்பாலும் ஒன்றரை மி.மீ.க்குள் இருக்கும், மடங்கி நெளிவதற்காகவே பதப்படுத்தியது. டிப்புக்கு வேண்டியது நேர்மாறான குணம். நாலைந்து துண்டுகளை ஒட்டினாலும் சில நாளில் நசுங்கிப் பிதுங்கும். ஆனால் அந்தத் துண்டுகளை எறியாதீர்கள். டிப்பின் சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்க அவற்றைப்போல வேறொன்று இல்லை.

கேள்வி: சாக் போட்டும் ஸ்க்ரூ (பந்து பின்னே வர மையத்துக்குக் கீழே அடிப்பது) அடிக்கும்போது மிஸ்க்யூ ஆகிறது, அதாவது டிப் பந்தில் வழுக்குகிறது. டிப் மேல் பளபளவென்று இருக்கிறது.

பளபளப்பு ஒரு காரணம். அடிபட்டு மேற்பரப்பு மூடிக்கொண்டதால் சாக் ஒட்டவில்லை. டிப் பிக்கால் (ஊசி முனைகள் கொண்ட சிறு கருவி) மேலே அழுத்தி உருட்டுங்கள். ஓங்கிக் குத்தினால் அடுக்குகள் பிளக்கும். அரத்தால் ராவினால் மாதக்கணக்கில் ஆட வேண்டிய தோல் ஒரு வாரத்தில் தூளாகப் போய்விடும். சாக்கையும் டிப் மேல் திருகாதீர்கள். தூரிகைபோல ஓரம் முழுதும் தடவுங்கள்.

இன்னொரு காரணம் வடிவமாக இருக்கலாம். பந்தின் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே பாதி தூரம்தான் வழுக்காமல் அடிக்கக்கூடிய எல்லை. 57 மி.மீ. பூல் பந்தில் அது மையத்திலிருந்து 14 மி.மீ. அந்த எல்லையில் பந்து டிப்பைத் தொடும் இடம், டிப் வளைவின் ஆரத்தில் பாதி தள்ளி இருக்கும். வளைவின் ஆரம் 11 மி.மீ. என்றால் டிப்பின் நடுவிலிருந்து ஐந்தரை மி.மீ.; தோல் மேலேயே படுகிறது. ஆரம் 13 மி.மீ.யைத் தாண்டினால் 13 மி.மீ. டிப்பில் பந்து விளிம்பிலேயே இடிக்கும், மிஸ்க்யூ நிச்சயம். அமெரிக்கர்கள் நிக்கல் (ஐந்து சென்ட்) நாணய வளைவு என்று சொல்வது 21 மி.மீ. விட்டம். நம்மூரில் 2011-இல் வந்த 22 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தை டிப்பின் பக்கவாட்டில் பிடித்து ஒப்பிட்டால் போதும். 2019 வரிசை ஒரு ரூபாய் 20 மி.மீ.தான், அதைக் கொண்டு அளந்தால் டிப் இன்னும் கூர்மையாக வரும்.

கேள்வி: டிப் ஓரம் காளான்போலப் பிதுங்குகிறது.

புது சாஃப்ட் டிப்பில் முதல் சில ஆட்டங்களில் இது சகஜம். பிதுங்கியதைச் சீவி, மேலே சொன்னபடி சுவரைத் தேய்த்து இறுக்குங்கள். மூன்றாம் முறையும் பிதுங்கினால் தோலே தரமில்லை, மாற்றிவிடுங்கள். சிலர் சுவரில் தண்ணீர்ப் பதப் பசை பூசுவார்கள். அந்தப் பசைக்குப் பொருத்தமான இடம் இது. ஆனால் மேல் வளைவுக்கு ஒரு மி.மீ. கீழேயே நிறுத்த வேண்டும். மேலே ஏறினால் அங்கே சாக் ஒட்டாது.

கேள்வி: ஸ்னூக்கர் கியூவுக்கும் இதே முறைதானா?

அளவுதான் வேறு. 52.5 மி.மீ. பந்துக்கு 9 முதல் 10 மி.மீ. டிப். ஃபெரூல் பித்தளை என்பதால் உப்புத்தாள் உரசும் சூடு சட்டென்று ஏறிப் பசையை இளக்கும். விட்டு விட்டுத் தேய்த்து, விரலால் தொட்டுச் சூடு பாருங்கள்.

கேள்வி: பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்க ஃபீனாலிக் (கடினப் பிளாஸ்டிக்) டிப் போடலாமா?

பிரேக்குக்கென்று தனிக் கியூ இருந்தால் போடலாம். வேகம் நன்றாகக் கடத்தும், பந்தைப் பற்றாது. மையம் தவறினால் வழுக்கும். ஆடும் கியூவில் வேண்டாம். போட்டிக்குப் போகிறவர்கள் அங்கே அதற்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிப்பை எப்போது மாற்ற வேண்டும்?

ஃபெரூலின் விளிம்பிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை உள்ள சுவரை அளங்கள். ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். ஒட்டு விட்டிருப்பது தெரிந்தாலோ, அடிக்கும்போது ஓசை திடீரென்று மாறினாலோ அன்றே மாற்றுங்கள். ஃபெரூல் பந்தில் மோதினால் ஃபெரூலும் போகும், பந்திலும் தழும்பு விழும்.