பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன்: குடும்பத்தோடு போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மே மாதம் பத்து நாள் லீவு. நாங்கள் இருவர், 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள், கூட என் அம்மா. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன், வில்லியம்ஸ்பர்க் ஐந்தையும் பார்த்துவிடலாமா சார்?

முடியாது. சரித்திர ஊர்கள்தான் நோக்கம் என்றால் பாஸ்டன் 3 இரவு, பிலடெல்பியா 2, வாஷிங்டன் 4 என்று வையுங்கள். நியூயார்க்கை இன்னொரு பயணத்துக்கு விடுங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்துகொண்டு, மதியம் சாப்பாடு ஆனதும் சுருண்டு விழுவார்கள். அந்த மதியங்களில் எதையும் புக் செய்யாதீர்கள்.

விமான டிக்கெட்டைப் போக வர ஒரே ஊருக்கு எடுக்க வேண்டாம். 'மல்டி சிட்டி' என்று தேடி, பாஸ்டனில் இறங்கி வாஷிங்டனில் திரும்ப ஏறுகிற மாதிரி எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு முழு நாள் வந்த வழியே திரும்புவதில் போய்விடும். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்துக்கு 2022 நவம்பரிலிருந்து மெட்ரோ ரயிலே போகிறது.

கேள்வி: எதை முதலில் புக் செய்ய வேண்டும்? ஓட்டல் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஓட்டலை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் இன்றே பிடித்துவையுங்கள். ஆனால் எந்த நாளில் எங்கே என்பதை முடிவு செய்வது ஒரு டாலர் டிக்கெட்டுகள்தான். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய கட்டடமான பிலடெல்பியாவின் இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு மார்ச் முதல் டிசம்பர் வரை நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். ஆன்லைனில் தலைக்கு 1 டாலர் பதிவுக் கட்டணம். வாஷிங்டன் நினைவுத்தூணுக்கும் அதே கட்டணம்தான். தூணுக்கான பதிவை 30 நாள் முன்னதாக, அங்கே காலை 10 மணிக்குத் திறப்பார்கள். கோடையில் அது நமக்கு இரவு 7.30. அந்த நேரத்துக்குக் கணினி முன்னால் உட்காருங்கள், சாப்பாடு முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரே நேரத்தில் கிடைப்பது கஷ்டம். வாஷிங்டனின் விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் காசு இல்லை, பாஸ் மட்டும் முன்பதிவு.

ஓட்டல் விலையைப் பற்றி ஒன்று: திரையில் முதலில் தெரிவதில் வரி சேர்ந்திருக்காது. பாஸ்டனிலும் வாஷிங்டனிலும் சுமார் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மே மாதம் பாஸ்டனில் கல்லூரிப் பட்டமளிப்பு விழாக்கள் என்பதால் வார இறுதியில் அறை கிடைப்பதே அரிது. அங்கே திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள்.

கேள்வி: கார் எடுத்துக்கொண்டால் வசதி இல்லையா?

இந்த மூன்று ஊருக்குள்ளும் கார் பாரம்தான். பார்க்கிங் கட்டணம் தனி, பல சாலைகளில் சுங்கத்தைக் கேமரா வழியாக எடுத்துக்கொள்வதால் வாடகை நிறுவனம் அதன் மேல் சேவைக் கட்டணமும் போடும். 5 வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படி தனி இருக்கையும் வேண்டும். ஊபரிலும் இதே சிக்கல்: அந்த இருக்கை பெரும்பாலும் இருக்காது, ஓட்டுநர் ஏற்ற மறுக்கலாம்.

ஊர்களுக்கு இடையே ஓடும் ஆம்டிராக் நிறுவனத்தின் ரயில்தான் சரி. பாஸ்டனிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சாதாரண 'ரீஜனல்' வண்டியில் ஐந்தரை மணி நேரம் போல ஆகும், அங்கிருந்து வாஷிங்டனுக்கு இரண்டு மணி. 2 முதல் 12 வயது வரை அரை டிக்கெட். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பாஸ்டன் சவுத் ஸ்டேஷனில் வண்டி புறப்படுவதால் எல்லாரும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும். பிலடெல்பியாவில் அது பாதி வழி. பிளாட்பாரம் எண்ணைக் கடைசி நிமிடங்களில்தான் போடுவார்கள், கூட்டம் ஒரே படியில் இறங்கும், குடும்பம் நாலு பெட்டியாகப் பிரியும். தப்பிக்க வழி உண்டு. சிவப்புத் தொப்பிப் போர்ட்டர்களிடம் அம்மாவைக் காட்டி உதவி கேளுங்கள். கட்டணம் இல்லை, டிப்ஸ் கொடுத்தால் போதும். பெட்டிகளோடு உங்களையும் முன்கூட்டியே லிஃப்டில் இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: ஃபிரீடம் டிரெயிலை 5 வயதுப் பிள்ளை நடக்குமா?

பாஸ்டனின் சரித்திர இடங்களை இணைக்கும் நடைவழி அது. மொத்தம் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். நடைபாதையில் பதித்த சிவப்புக் கோட்டைப் பின்தொடர்வதே பிள்ளைகளுக்கு விளையாட்டுதான். ஆனாலும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பாதியில் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து, படை வருவதைக் குதிரையில் போய் எச்சரித்த பால் ரிவியரின் வீடு, ஓல்ட் நார்த் சர்ச் வரை ஒரு நாள். 1775 ஏப்ரல் 18 இரவு ஆங்கிலேயப் படை வருவதைச் சொல்ல இரண்டு விளக்கு ஏற்றியது அந்தத் தேவாலயக் கோபுரத்தில்தான். மறுநாள் லாங் வார்ஃப் துறையிலிருந்து படகில் பத்து நிமிடத்தில் சார்ல்ஸ்டவுன் போய், 1797இல் கடலில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலைப் பாருங்கள். இலவசம், ஆனால் பெரியவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஓட்டல் லாக்கரில் பூட்டிவைத்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். அங்கேயே இருக்கிற பங்கர் ஹில் போர் நினைவுத்தூணில் 294 படி, லிஃப்ட் கிடையாது. அம்மா கீழே புல்வெளியில் இருக்கட்டும்.

கேள்வி: இண்டிபெண்டன்ஸ் ஹாலில் எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே இருபது நிமிடம் போல. இரண்டு அறைகள்தான், சிலர் "இவ்வளவுதானா?" என்று வெளியே வருவதும் உண்டு. சபை அறையில் முன்பக்கம் நடுவில் இருக்கிற உயர்ந்த நாற்காலியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதன் முதுகுப் பலகை உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். 1787இல் அரசியல் சட்டம் எழுதிய மாதங்களில் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்த அசல் நாற்காலி அது. அது உதிக்கும் சூரியனா, மறையும் சூரியனா என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் யோசித்துக்கொண்டே இருந்து, கையெழுத்தான அன்று உதிக்கும் சூரியன்தான் என்றாராம்.

டிக்கெட்டில் இருப்பது சுற்றிக்காட்டத் தொடங்கும் நேரம். பாதுகாப்புச் சோதனை அதற்கு முன்னால், எனவே 45 நிமிடம் முன்பே போங்கள். விடுதலை மணிக்கு டிக்கெட் இல்லை, ஆனால் வரிசையும் சோதனையும் தனி. காலையில் திறந்ததும் மணியைப் பார்த்துவிட்டு, பதினோரு மணி போல ஹாலுக்கு டிக்கெட் வைத்தால் இரண்டும் இடிக்காது.

கேள்வி: வாஷிங்டனில் முட்டிவலிக்கார அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது?

நாடாளுமன்றத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை 3 கிலோமீட்டருக்கு மேல், நிழல் குறைவு. பழைய வழிகாட்டிகள் 'சர்க்குலேட்டர்' பேருந்தைச் சொல்லும். அது 2024 டிசம்பரோடு நின்றுபோனது. லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்து மெட்ரோ ஃபாகி பாட்டம், அதுவே இருபது நிமிட நடை. அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டாக்சி பிடியுங்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், முதலில் கேட்பவருக்கு. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து குவியும், கதவு திறக்கும் 10 மணிக்கே உள்ளே இருங்கள்.

கேள்வி: சுத்த சைவம். சாப்பாட்டை எடுத்துப்போகலாமா?

நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் எந்தச் சாப்பாடும் கூடாது. தயிர்சாத டப்பாவை வாசலிலேயே குப்பையில் போட வேண்டியிருக்கும், தண்ணீர் பாட்டிலும் காலியாக இருந்தால்தான் விடுவார்கள். முதலில் சாப்பிட்டுவிட்டு வரிசைக்குப் போங்கள். பாஸ்டன் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். காய்கறி சூப் என்றாலும் கோழிச் சாறா என்று கேளுங்கள். ஊரிலிருந்து பொடி, பாக்கெட் ஊறுகாய் கொண்டுபோகலாம், சுங்கச் சோதனையில் 'உணவு உண்டு' என்று சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை, மாம்பழமும் வேண்டாம்.

கேள்வி: ரயில் நியூ ஹேவனில் நிற்கிறதே, யேல் பல்கலைக்கழகம் பார்க்கலாமா?

பெட்டிகளோடு என்றால் இழுபறிதான். ஆனால் சென்னைக்காரர்களுக்கு ஆசை வருவது நியாயம். எலிஹு யேல் பாஸ்டனில் 1649இல் பிறந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவர் அனுப்பிய சரக்கையும் புத்தகங்களையும் பெற்றுக்கொண்டு 1718இல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாஸ்டனில் தங்கும்போது கைப்பையோடு ஒரு நாள் போய்வருவது நல்லது. அங்குள்ள கலைக்கூடத்துக்கும் கட்டணம் இல்லை.

கேள்வி: வில்லியம்ஸ்பர்க்கை விடவே மனமில்லை.

அப்படியானால் பாஸ்டனை விடுங்கள். வர்ஜீனியாவின் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் தெருக்களில் சும்மா நடக்கலாம், கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். பக்கத்தில் ஜேம்ஸ்டவுன் என்று இரண்டு இடம் உண்டு: 1607இல் ஆங்கிலேயர் குடியேறிய அசல் இடம் ஒன்று, பிள்ளைகள் கப்பலில் ஏறிப் பார்க்கும்படி மறுபடி கட்டிய இடம் இன்னொன்று. இரண்டுக்கும் டிக்கெட் வேறு வேறு. உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு இரண்டாவது. இங்கே மட்டும் கார் எடுங்கள்.